கவிழ்த்த பெயிண்ட் வாளி

“மட்டையைப் பிடிச்சிருக்கிற அழகைப் பாரு. தரை துடைக்க வந்தவனை யாரோ தப்பா மைதானத்துக்குள்ள விட்டுட்டாங்க!”

வெர்ன் டுடெக் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

சோஃபாவில் அவர் மனைவி ஐரீனும், ஐரீனின் அக்கா பெர்னிஸும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வெர்ன் உதிர்த்த கருத்துகளில் இது நாற்பத்தொன்றாவது. பெர்னிஸ் எண்ணிக்கொண்டிருந்தாள்.

டிவி புதியது. கலர். பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு ஊர் பேஸ்பால் அணியான லேக்போர்ட் ஸ்டர்ஜன்ஸ் அரையிறுதிக்குள் நுழைந்த மறுநாள் வெர்ன் கடைக்குப் போய்த் தூக்கி வந்தது. திட்டித் தீர்க்கிற அணிக்கு எதற்குக் கலர் டிவி என்று ஐரீன் கேட்டதற்கு, “அவனுங்க தோக்கறதைக் கலர்ல பார்க்கணும்” என்றார்.

டப்பா மூடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஓடுகிற பட்டையில் ஆயிரம் மூடி போனால் நெளிந்த ஒன்றைப் பிடித்து வெளியே எறிய வேண்டும். இருபத்தாறு வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பட்டையை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

“மேனேஜர் விட்லோவைப் பாரு. கண்ணைத் திறந்துகிட்டே தூங்கறான். அதுக்கு ஒரு சீருடை, ஒரு தொப்பி!”

“வெர்ன், கொஞ்சம்...”

“இந்த நாஷ் பந்து எறியறானாமா? எங்க மாமியார் இதைவிட வேகமா எறிவாங்க.”

“எங்கம்மா செத்து எட்டு வருஷமாச்சு” என்றாள் பெர்னிஸ்.

“அதைத்தான் சொல்றேன்.”

பியர் தீர்ந்தது. கராஜில் இருந்த பழைய ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வர வெர்ன் எழுந்து போனார். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்த அதே நொடி, வீட்டுக்குள் இரண்டு பெண்களும் வீறிட்டார்கள்.

ஓடி வந்தார். திரையில் கேட்சர் கோர்மன், தரை துடைக்க வந்த அதே கோர்மன், கைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பந்து வேலிக்கு அப்பால். ஹோம் ரன்.

“குருட்டு அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டு வெர்ன் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அடுத்த பந்தை எதிரணி பிடித்துவிட, லேக்போர்ட் ஆள் அவுட். அதற்கடுத்த இன்னிங்ஸில் எதிரணி வரிசையாக மூன்று ஓட்டம்.

பெர்னிஸ் ஐரீனைப் பார்த்தாள். ஐரீன் பெர்னிஸைப் பார்த்தாள்.

“வெர்ன், இன்னொரு பியர் எடுத்துட்டு வாயேன்.”

“இதுவே இன்னும் முடியலையே.”

“எனக்கு.”

“நீ பியர் குடிக்க மாட்டியே?”

“இன்னைக்குக் குடிக்கிறேன். போ.”

போனார். ஃபிரிட்ஜைத் தொடுவதற்குள் மறுபடியும் வீறிடல். இரண்டு ஓட்டம். திரும்பி ஓடி வந்தவரை, கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவில் ஐரீன் மறித்து நின்றாள்.

“உள்ள வராதே.”

“என்னது?”

“நீயே யோசிச்சுப் பாரு. நீ உள்ள இருந்தா என்ன ஆகுது? வெளிய இருந்தா என்ன ஆகுது?”

வேறு ஊராக இருந்தால் வெர்ன் சிரித்திருப்பார். இது லேக்போர்ட். இங்கே அணி ஜெயிக்க ஆரம்பித்தால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். தபால்காரர் பதினேழு நாளாக ஒரே காலுறையில் நடக்கிறார். செயின்ட் ஹெட்விக் ஆலயத்தின் பாதிரியார் சென்ற மாதம் தற்செயலாகத் தலைகீழாக மாட்டிய அறிவிப்புப் பலகையை இன்னும் நேராக்கவில்லை. எதனால் ஜெயிக்கிறோம் என்பதை வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் கலைந்துவிடும். குழந்தைக்கும் தெரியும்.

அதிலும் வெர்ன் சாதாரண பக்தர் அல்ல. 1958-ல் கடைசி ஆட்டத்தன்று காலையில், ஐந்து மாதம் துவைக்காத அவருடைய தொப்பியை ஐரீன் துவைத்துவிட்டாள். ஒரே ஓட்டத்தில் அணி தோற்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு நன்றித் திருநாள் விருந்திலும், வான்கோழியை வெட்டுவதற்கு முன்னால், தொப்பியின் கதையை அவர் முழுசாகச் சொல்லுவார். ஐரீன் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். பதின்மூன்று வான்கோழி.

“தொப்பி ஞாபகம் இருக்கா?” என்று இப்போது ஐரீன்தான் கேட்டாள்.

வெர்ன் கையில் பியரோடு பின்வாங்கினார். மூலையில் கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்தார்.

அணி ஜெயித்தது.

*

கராஜில் ஒரு பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோ இருந்தது. அதை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. நாற்காலி கேட்டார்.

“முதல் ஆட்டத்துல எதுல உட்கார்ந்தே?”

“வாளியில.”

“அப்புறம் என்ன கேள்வி?”

அக்டோபர். ஏரியிலிருந்து வருகிற காற்றுக்குக் கராஜ் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடம் போதும். இரண்டாவது ஆட்டத்தில் வெர்னால் பொறுக்க முடியவில்லை. நிலவறையிலிருந்து சின்ன ஹீட்டரை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து சொருகினார். ஒன்பதுக்கு ஒன்று என்று அணி தோற்றது.

ஐரீன் கதவைத் திறந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“ஏன் இங்க வெதுவெதுன்னு இருக்கு?”

வெர்ன் தலை குனிந்தார்.

ஹீட்டர் திரும்பிப் போனது. அடுத்த இரண்டு ஆட்டமும் ஜெயம். அரையிறுதிக்கு மூன்று வெற்றி போதும். லேக்போர்ட் இறுதிச் சுற்றில். ஏழு ஆட்டம், நான்கில் ஜெயித்தால் கோப்பை. எதிரணி, மேற்குக் கரையிலிருந்து வந்த சான் மார்க்கோ கோண்டார்ஸ். போன வருடமும் கோப்பை அவர்களுக்குத்தான்.

“நாலு நாள்ல முடிச்சு அனுப்பிடுவாங்க” என்றார் வெர்ன், கோட்டின் மேல் இன்னொரு கோட்டு போட்டுக்கொண்டு. “ஸ்டர்ஜன்னா பெரிய மீனாம் மீன். ஐஸ் பெட்டியில கிடக்கிற மீனுக்கு இருக்கிற சுறுசுறுப்புகூட இவனுங்களுக்கு இல்ல.”

முதல் ஆட்டத்தில் அணி ஜெயித்தது.

இரண்டாவது ஆட்டத்தின்போது கலர் டிவி அவரை அழைத்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய டிவி. அதில் இதுவரை அவர் பார்த்தது அரை ஆட்டம். ஒரே ஒரு பார்வை, யாருக்குத் தெரியப்போகிறது? பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவி, வீட்டைச் சுற்றிவந்து, ஐரீனின் பூச்செடிகளுக்குள் நின்று, கூடத்து ஜன்னலில் மூக்கை வைத்தார்.

திரையில் நாஷ் பந்தை எறிந்தான். கோண்டார்ஸ் ஆள் அதை அடித்தான். பந்து மைதானத்தை விட்டே வெளியே போனது. நான்கு ஓட்டம்.

வெர்ன் அலறினார். திரும்பிப் பார்த்த பெர்னிஸ், ஜன்னலில் ஒட்டியிருந்த முகத்தைக் கண்டு அதைவிடப் பெரிதாக அலறினாள். ஐரீன் வெளியே வந்தபோது, மிதிபட்ட செடிகளுக்கு நடுவில் முழங்கால்வரை சேற்றோடு அவர் நின்றிருந்தார்.

“ஒரு பந்துதான் பார்த்தேன்.”

“அந்த ஒரு பந்துலதான் ஆட்டமே போச்சு.”

மறுநாள் வியாழக்கிழமை. ஆலயத்துக் கூடத்தில் தெருப் பெண்கள் எல்லாரும் கூடி, வெள்ளிக்கிழமை விற்பனைக்குப் பியரோகி என்னும் போலந்துக் கொழுக்கட்டை பிடிக்கிற நாள். ஐரீன் கை நிறைய மாவோடு திரும்பி வந்தாள்.

“இனிமே சுவத்தைப் பார்த்து உட்காரணும்.”

“யார் சொன்னது?”

“எனக்குத் தோணிச்சு.”

வெர்னுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாளியின் மேல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

*

தொழிற்சாலை உணவறையில்தான் சிக்கல். யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் எல்லாரும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எதிர்வீட்டு ஹாங்க் பிலார்ஸ்கி சாண்ட்விச்சோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். மூடிக்கு வண்ணம் அடிக்கும் பிரிவு. இருபது வருடப் பழக்கம்.

“நேத்து பார்த்தியா?”

“பார்க்காம?”

“கோர்மன் வேலி மேல விழுந்து பிடிச்சானே. எப்படி?”

ரேடியோவில் கேட்டதை வைத்து வெர்ன் சமாளித்தார். “விழத்தான் தெரியும் அவனுக்கு. உன் வீட்டுல எப்படித் தெரிஞ்சுது?”

ஹாங்க் சாண்ட்விச்சைச் சற்று நேரம் பார்த்தார். “தெளிவா.”

“நீயும் கலர் வாங்கிட்டியாமே?”

“ஆமா.”

“எப்படி இருக்கு?”

“பச்சை. மைதானம் நல்ல பச்சை.”

“எங்க வீட்டுலயும் பச்சைதான்.”

ஹாங்க் மூக்கைச் சிந்தினார். வெர்னும் சிந்தினார். ஊரெல்லாம் சளி.

‘இவனெல்லாம் ஒரு ரசிகன்!’ என்று நினைத்துக்கொண்டார் வெர்ன். இதமான கூடத்தில், மெத்தை நாற்காலியில், சிப்ஸ் தின்றுகொண்டே பார்க்கிறான். கேட்டால் ‘பச்சை’ என்கிறான். அணிக்காக இவன் ஒரு விரலை அசைத்திருப்பானா?

மாலையில் வீடு திரும்பும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. தெருவில் பாதிக் கார்கள் வெளியிலேயே நின்றன. கண்ணாடியெல்லாம் உறைபனி. வெர்னுடைய காரும் வெளியேதான் நின்றது, ஆனால் அதற்குத் தக்க காரணம் இருந்தது. மற்றவர்களுக்கு என்ன கேடு? காரை உள்ளே விடக்கூட உடம்பு வணங்காத சோம்பேறிகள்!

*

மூன்றாவது ஆட்டத்தில் வெர்ன் தப்பு செய்தார். சாதாரணத் தப்பு அல்ல.

நாஷ் வரிசையாக ஆறு பேரை அவுட்டாக்கியதை ரேடியோ சொன்னது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வெர்னின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. “பய இன்னைக்கு நல்லாத்தான் எறியறான்” என்றார்.

துவைத்த துணிக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த ஐரீன் அப்படியே நின்றாள்.

“இப்ப என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலையே.”

“புகழ்ந்தியா?”

அவர் பதில் சொல்வதற்குள் ரேடியோ சொல்லிவிட்டது. நாஷ் அடி வாங்க ஆரம்பித்தான். ஐந்து ஓட்டம். தோல்வி.

ஐரீனுக்கே ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. “இத்தனை நாளும் திட்டினே, ஜெயிச்சாங்க. ஒரே ஒரு தடவை பாராட்டினே. பார்த்தியா?”

வெர்ன் வாளியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பெரிய உண்மை ஒன்று விடிந்தது. முப்பது வருடமாக இந்த அணியைத் திட்டி வந்தது வெட்டிப் பேச்சு அல்ல. அது உழைப்பு. ஊரில் யாருக்கும் தெரியாமல் அவர் இழுத்துவந்த சுமை.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு ஆட்டக்காரனையும் தாத்தா பாட்டிவரை இழுத்தார். கோர்மனின் கால்களை மேஜைக் கால்கள் என்றார். மேனேஜர் விட்லோவை உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். நான்காவது ஆட்டம் ஜெயம். ஐந்தாவதின் நடுவில் தொண்டை கட்டிக்கொண்டு சத்தம் வரவில்லை. தோல்வி. ஐரீன் தேன் கலந்த வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறாவது ஆட்டத்தில் தொண்டை திரும்பியது. ஜெயம்.

மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் லேக்போர்ட்டிலேயே. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணி.

வெள்ளிக்கிழமை தபாலில் ஓர் உறை வந்தது.

*

ஐரீன்தான் பிரித்தாள். உள்ளே இரண்டு டிக்கெட். ஏழாவது ஆட்டம். முதல் பேஸுக்குப் பின்னால், ஒன்பதாவது வரிசை.

“வெர்ன், இது என்ன?”

வெர்னின் காது சிவந்தது. “செப்டம்பர்ல குலுக்கலுக்கு ஒரு கார்டு போட்டேன். சும்மாதான். விழாதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.”

“அணி இறுதிச் சுத்துக்கு வராதுன்னியே?”

“வராதுன்னுதான் போட்டேன்!”

ஐரீன் அவரைப் பார்த்தாள். ஐம்பத்து நான்கு வயது. ஏழு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்தவர். அன்றிலிருந்து இன்றுவரை ஓர் இறுதி ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. டிக்கெட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார், நெளிந்த மூடி எதுவும் இல்லாத நாளில் மூடிகளைத் தடவுவதுபோல.

“போயிட்டு வா வெர்ன்” என்றாள். நிஜமாகவே சொன்னாள். “ஹாங்கையும் கூட்டிட்டுப் போ.”

“நான் போனா வாளியில யாரு உட்கார்றது?”

“வாளியா? அது கிடக்கு.”

“கிடக்கா?” வெர்னின் குரல் உயர்ந்தது. “ஹீட்டர் வச்சேன், தோத்தோம். எட்டிப் பார்த்தேன், தோத்தோம். புகழ்ந்தேன், தோத்தோம். தொண்டை போச்சு, தோத்தோம். உட்கார்ந்து ஒழுங்கா திட்டினப்பல்லாம் ஜெயிச்சோம். பத்து ஆட்டம், ஐரீன்! இதைவிட என்ன அத்தாட்சி வேணும் உனக்கு?”

ஐரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேஜை விரிப்பை நீவினாள்.

“வெர்ன், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த கராஜ் விஷயம்...”

“சொல்லாதே!” வெர்ன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “வாய்விட்டுச் சொன்னா கலைஞ்சிடும்!”

“கேளு, அது வந்து...”

“ஒரு தொப்பியைத் துவைச்சே. பதிமூணு வருஷம் ஆச்சு. இப்ப வாயைத் திறந்து இன்னொரு பதிமூணு வருஷத்தைக் கெடுக்காதே!”

ஐரீன் வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

டிக்கெட்டுகளை வெர்ன் அவள் பக்கம் நகர்த்தினார். விரல் கடைசிவரை அதை விடவில்லை.

“நீயும் உங்க அக்காவும் போங்க. அந்தக் கழுதைங்களை நேர்ல பார்க்கிற தண்டனை எனக்கு எதுக்கு?”

*

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி. ஐரீன் அவருடைய நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். 1958-க்குப் பிறகு துவைக்காத தொப்பி.

“புது பேட்டரி வாங்கி வச்சிருக்கேன். சமையலறையில இருக்கு. ரேடியோ கரகரங்குது.”

“ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறப்ப பேட்டரியை மாத்தறதா? ஏன், சுவத்தையும் மாத்திடலாமே!”

“வெர்ன், உள்ள போய் உட்கார்ந்து டிவியில பாரேன். நான் கெஞ்சிக் கேட்கிறேன்.”

“நேரமாச்சு, கிளம்பு. விட்லோவைப் பார்த்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு. முழிச்சிருந்தா.”

பெர்னிஸ் காரில் ஹாரன் அடித்தாள். ஐரீன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீடு காலி. டிவி காலி அறையில் கிடந்தது. வெர்ன் கராஜுக்குள் போனார். கோட்டு, அதன் மேல் கோட்டு. வாளி. சுவர்.

எதிர்வீட்டுக் கூடத்திலிருந்து பெண்களின் சிரிப்பும் தட்டுகளின் சத்தமும் கேட்டன. தெருவில் மிச்சமிருந்த பெண்களெல்லாம் ஹாங்கின் மனைவி மார்ஜோடு அங்கேதான். ஹாங்க் கொடுத்து வைத்தவன். பியரோகியும் வெண்ணெயும் நடுவில் வைத்து, வட்டமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

“திங்கட்டும்” என்றார் சுவரிடம். “ஒருத்தன் பாடுபட, ஊரே திங்கட்டும்.”

ஆட்டம் தொடங்கியது. வெர்ன் தன் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்தார். ஒரு சொல்லை இரண்டு முறை பயன்படுத்தாமல் ஐந்து இன்னிங்ஸ் திட்டினார். ஆறாவதில் கோண்டார்ஸ் முந்தியது. வெர்ன் எழுந்து நின்று திட்டலாமா என்று யோசித்தார். இதுவரை நின்றதில்லை. உட்கார்ந்தே குரலை உயர்த்தினார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். கோண்டார்ஸ் நான்கு, லேக்போர்ட் மூன்று. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆள். ஓர் அடி விழுந்தால் கோப்பை. இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் போச்சு.

“மட்டையோடு வருகிறார்...” என்றது ரேடியோ, “கேட்சர்... மில்ட்... கோ...”

கரகரப்பு. சின்ன இருமல்போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

வெர்ன் ரேடியோவை உலுக்கினார். தட்டினார். காதில் வைத்தார். செத்துவிட்டது.

புது பேட்டரி சமையலறையில். அதற்குப் பத்தடி தள்ளிக் கலர் டிவி. வீட்டில் யாரும் இல்லை. ஐரீன் இல்லை, கதவில் மறிக்க ஆள் இல்லை. பதின்மூன்று வருடம் காத்திருந்த பந்தை, கோர்மன் என்கிற மேஜைக்காலன் சந்திக்கப்போகிறான், பத்தடியில், கலரில்.

வெர்ன் எழுந்தார். கதவின் குமிழில் கை வைத்தார். குமிழ் ஐஸாகக் குளிர்ந்தது.

திருப்பவில்லை.

திரும்பி வந்தார். வாளியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். எந்தப் பந்து விழுந்தது, எந்தப் பந்து போனது, எதுவும் தெரியாது. தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்.

“கோர்மன்!” தொண்டை பிசிறியது. “ஏய், தரை துடைக்கிறவனே! உன்னை மாதிரி ஒரு உதவாக்கரையை நான் பார்த்ததில்லடா! மட்டையைத் தூக்கத் தெரியுமா உனக்கு? ஓடத் தெரியுமா? உங்கப்பன் உன்னை எதுக்குப் பெத்தான்? நீ அடிக்க மாட்டே! அடிக்கவே மாட்டே! எனக்குத் தெரியும், நீ...”

கன்னம் ஈரமாக இருந்தது. அதைத் துடைக்கவில்லை. இதுவரை துடைத்ததில்லை.

அமைதி. எதிர்வீட்டில்கூடச் சத்தம் இல்லை.

பிறகு துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. செயின்ட் ஹெட்விக் மணி, நேரம் கெட்ட நேரத்தில், பைத்தியம் பிடித்ததுபோல அடிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் தொழிற்சாலைச் சங்கு அலறியது. எதிர்வீட்டுப் பெண்கள் கூரை பறக்கும்படி கத்தினார்கள்.

வெர்ன் வாளியின் மேல் இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தார். பிறகு அதைக் குனிந்து ஒரு முறை தட்டிக்கொடுத்தார்.

கோப்பை லேக்போர்ட்டுக்கு. விட்லோ ஜெயித்ததாக நாளைப் பத்திரிகை எழுதும். கோர்மனைத் தோளில் தூக்குவார்கள். தூக்கட்டும். உண்மை ஒரே ஒரு மனிதனுக்குத் தெரியும். அவன் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கராஜின் பெரிய கதவைத் தூக்கினார். வெயிலில் கண் கூசியது.

தெருவின் மேற்கோடியில் ஒரு கராஜ் கதவு கிறீச்சிட்டது. பக்கத்து வளைவில் இன்னொன்று. காரை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போகப்போகிறார்கள் என்று நினைத்தார். ஆனால் கார்கள் எல்லாம் தெருவில்தான் நின்றன.

எதிரே ஹாங்கின் கதவு உயர்ந்தது. உள்ளே இருட்டிலிருந்து ஹாங்க் வெளியே வந்தார். கோட்டின் மேல் கோட்டு, அதன் மேல் ஒரு கம்பளி. மூக்கு பீட்ரூட் நிறம். கால் மரத்துப்போனவர்போல நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்தார். கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெர்னின் காதருகே குனிந்தார்.

“வெர்ன், யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே, சொன்னா கலைஞ்சிடும்னு மார்ஜ் சத்தியம் வாங்கியிருக்கா... இந்தக் கோப்பையை ஜெயிச்சுக் கொடுத்ததே நான்தான்ப்பா, மூணு வாரமா கராஜ்ல சுவத்தைப் பார்த்து வாளி மேல உட்கார்ந்து!”